முகம் பார்க்க வந்தவர்கள்

1

என் மறைவுக்கான இரங்கல் செய்திகளை நானே படிக்கும் வாய்ப்பு, வடக்குப் போர்ச்சுகலின் மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பேருந்தில், வியாழக்கிழமை காலை எனக்குக் கிட்டியது. நான்கு நாள்களாக அணைத்து வைத்திருந்த கைப்பேசியை அப்போதுதான் இயக்கினேன். திண்டிவனத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் பழைய படம் ஒன்றைச் சுற்றி யாரோ சாமந்தி மாலை வரைந்திருந்தார்கள். அதன்கீழ் வரிசையாக 'ஆழ்ந்த இரங்கல்'. விழுப்புரத்தில் என்னிடம் இயற்பியல் படித்த ஒருவர், கரும்பலகையில் எழுதும்போது நான் சுண்ணக்கட்டியை இரண்டாக உடைத்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று நினைவுகூர்ந்திருந்தார். உண்மைதான். நான் மறந்துபோயிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் கீழே, என் மனைவியின் அக்காள் மகன் அறிவழகன் எழுதிய ஒற்றை வரி: 'சித்தப்பா, உயிரோட இருக்கீங்க தானே?'

இருக்கிறேன் என்று பதில் எழுதினேன்.

ஊரிலுள்ள வாசகர்களுக்கு என்னைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு எழுபத்தொரு வயது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் சில ஆண்டுகள் ஆசிரியன். பிறகு செய்திப் படக்காரன். பத்திரிகைகள் அனுப்பிய நாடுகளுக்கெல்லாம் போய், கடைசியில் போர்த்தோ நகரத்தில் தங்கிவிட்டவன். என் மனைவி செந்தாமரை சென்ற ஆண்டு இதே வாரத்தில் அந்நகரத்து மருத்துவமனையில் இறந்தாள். ஓராண்டு நிறையும் நாள்களில் எவருடைய ஆறுதலையும் கேட்கும் திடம் எனக்கு இல்லை. மலைக்கிராமம் ஒன்றில் அறை எடுத்து, கைப்பேசியை அணைத்துவிட்டுத் தங்கினேன். அந்த நான்கு நாள்களுக்குள் திண்டிவனத்தில் நான் இறந்துபோனேன்.

2

போர்த்தோவில் என் காலைகள் எளியவை. துணி துவைத்து ஜன்னலுக்கு வெளியே கட்டிய கொடியில் உலர்த்துவேன். ஆற்றை நோக்கி இறங்கும் படிகளில் பாதி தூரம் போய்த் திரும்புவேன். மீதிப் பாதியை முழங்கால் இப்போது அனுமதிப்பதில்லை.

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் இவ்வூர்க்காரர்கள் நம் மொழியில் விட்டுச்சென்ற சொற்கள். மொழி வகுப்பின் முதல் நாள் முடிந்து வந்த செந்தாமரை, "நம்ம ஊட்டு சாமானத்தையே நமக்குச் சொல்லித் தர்றாங்க" என்று சிரித்தாள். வங்கிக் கதவுகளில் 'புஷ்' என்று ஒலிக்கும் ஒரு சொல் எழுதியிருக்கும். அதற்கு இழு என்று பொருள். பட்டங்கள் பெற்ற நான் பல ஆண்டுகள் அக்கதவுகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் முதல் வாரத்திலேயே இழுக்கக் கற்றுக்கொண்டாள்.

எங்கள் மகள் நிலா ராட்டர்டாமில் இருக்கிறாள். தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள். போர்த்துகீசிய மொழியில் பதில் சொல்வாள். சிறுவயதில், "பெரியம்மா என்றால் அம்மாவைவிட உயரமா?" என்று கேட்டவள். திண்டிவனத்தில் எவரிடமும் அவளுடைய தொலைபேசி எண் இல்லை. அவளிடமும் அவர்களுடையது இல்லை. நாங்கள் இருவரும் நடுவில் இருந்ததால் அந்தத் தேவை எழவில்லை என்று எண்ணியிருந்தேன்.

செந்தாமரை இறந்ததும் பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். எல்லோருக்கும் உண்டு என்றார் அதிகாரி. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைப்போம் என்று விளக்கினேன். அவர் மிகுந்த பொறுமையுடன் கேட்டு, ஒவ்வொருவர் கடவுச்சீட்டிலும் கடைசியில் நின்ற பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார். அதன்படி அவளுடைய குடும்பப் பெயர் சிவஞானம், அதாவது நான். என்னுடைய குடும்பப் பெயர் என் தந்தையினுடையது. ஆகவே தாள்களின்படி கணவனும் மனைவியும் வெவ்வேறு குடும்பத்தினர். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் நான் அவளுக்கு உறவு என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும்.

அதையும் செய்திருப்பேன். என்னைத் தடுத்தது வேறு. விமானத்தில் அனுப்பும் பெட்டியின் உட்புறம் உலோகத் தகடு வைத்துப் பற்றவைத்து மூடிவிடுவார்கள். பிறகு திறக்கக் கூடாது. சரக்குக் கூடங்களில் அத்தகைய பெட்டிகளை நான் படமெடுத்திருக்கிறேன். முகம் காட்டாத ஒரு பெட்டியைத் திண்டிவனத்துத் தெருவில் இறக்கி வைத்து யாருக்கு என்ன பயன் என்று கருதினேன். இங்கேயே எரியூட்டினோம்.

அவளுடைய அக்காள் அஞ்சலாட்சி, நான் அண்ணி என்று அழைப்பவர், தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "மொகத்த காட்டாம எரிச்சிட்டியே தம்பி." அதற்குப் பின் ஓராண்டு என்னோடு பேசவில்லை. நான் அழைக்கும்போதெல்லாம் அறிவழகன்தான் எடுப்பான். "அம்மா தூங்கறாங்க சித்தப்பா" என்பான். அங்கே காலை பதினொரு மணியாக இருக்கும்.

3

முகங்களைப் பார்ப்பது என் தொழில். ஆனால் முதலில் என்னை வாயடைக்கச் செய்தவை இடங்கள். பொலிவியாவின் உப்புவெளியில் மழைக்குப் பின் விரற்கடை ஆழத்துக்கு நீர் நிற்கும். வானம் முழுதும் காலடியில் இறங்கிவிடும். உப்பைக் குவித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மண்வெட்டியை வீசியபோது மேகத்தை வெட்டினாள். மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். உப்பு எனக்குப் புதிதன்று. ஆயினும் கருவியை உயர்த்த மறந்து நின்றேன். மங்கோலியாவில் அடிவானத்தில் தோன்றிய ஒரு குதிரை மந்தை எங்களை வந்தடைய அரைநாள் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே வந்தது. தொலைவு என்ற சொல்லை அன்றுவரை நான் சரியாகப் பயன்படுத்தியதில்லை என்று உணர்ந்தேன்.

பிறகு, இறந்தவர்களை மனிதர்கள் பார்க்கும் விதங்கள். ஆர்மீனியாவின் இடுகாடுகளில் கருங்கல்லில் ஆளுயரத்துக்கு உருவங்கள் செதுக்கியிருக்கும். ஒருவர் மேற்சட்டைப் பைக்குள் கைவிட்டு நிற்பார், இன்னொருவர் நம்மை நோக்கிச் சிரிப்பார். இந்தோனேசியாவில், சுலாவெசி மலைகளில், இறந்து பல ஆண்டுகள் ஆனவரை வெளியே எடுத்துத் தூசு தட்டி, புதுச்சட்டை அணிவித்து, நடுவில் நிறுத்திக் குடும்பமே படமெடுத்துக்கொண்டது. என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள். நான் கருவியைச் சரிசெய்தபோது ஒருவர் கைகாட்டி நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். மாமாவுக்குக் கண்ணாடி போட்டால்தான் அவர் மாதிரி இருக்கும் என்று மூக்குக்கண்ணாடியோடு திரும்பி வந்தார்.

நிலம் அதிர்ந்த ஊர்களில் இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். உறவினர் ஒவ்வொரு போர்வையின் ஓரத்தையும் உயர்த்திப் பார்த்துக்கொண்டே போவார்கள். நான் அந்தக் கையைப் படமெடுப்பேன். போர்வைக்குள் இருக்கும் முகத்தை எடுக்க மாட்டேன். இது நானே எனக்கு விதித்துக்கொண்ட நெறி. அதை மீறியது ஒரே ஒருமுறை. சென்ற ஆண்டு, மருத்துவமனை ஊழியர்கள் அறைக்குள் வருவதற்குச் சற்று முன்னால், செந்தாமரையின் முகத்தை ஒரே ஒரு படம் எடுத்தேன். தொழிற்பழக்கமா, வேறு ஏதாவதா என்று சொல்லத் தெரியவில்லை.

அப்படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. நிலாவுக்கும் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் எதையுமே கேட்காத ஒரு பெண் திண்டிவனத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தும், ஓராண்டு அதை மூடி வைத்திருந்தேன்.

4

அறிவழகனுக்கு நாற்பத்தைந்து வயது. திண்டிவனத்தில் கல்யாணப் படங்கள் எடுக்கிறான். அவனுடைய கேமரா பழுதாகி, வாடகைக் கேமராவில் சமாளித்து வருவது எனக்குத் தெரியும். நான் இனிப் படமெடுக்கப் போவதில்லை. ஆகவே என்னுடையதை அவனுக்கு அனுப்பிவிடலாமென்று முடிவுசெய்தேன். கையில் கிடைக்கும்போது வியக்கட்டும் என்று, மலைக்குப் புறப்படுமுன், சொல்லாமல் அனுப்பினேன். அவனிடம் லென்ஸ்கள் இருந்தன. எனவே லென்ஸைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் பொதிந்தேன். எங்கள் தொழிலில் அதற்குப் பாடி என்று பெயர். லென்ஸ் இல்லாமல் கைமாறினால் 'பாடி ஒன்லி' என்போம்.

கூரியர் அலுவலகப் பெண் படிவத்தின் ஒரு கட்டத்தில் கேமரா என்றும், அடுத்ததில் பாடி ஒன்லி என்றும் எழுதச் சொன்னாள். வழியில் ஏதோ ஒரு கணினி முதல் கட்டத்தை விழுங்கிவிட்டது. முகூர்த்த மாதங்களில் அறிவழகன் தொலைபேசி எடுப்பதில்லை என்பதால், பெறுபவராக அண்ணியின் பெயரையும் எண்ணையும் கொடுத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணிக்குப் புதுச்சேரியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அவருடைய கைப்பேசி எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது. அந்தப் பதிவை அறிவழகன் எனக்கு அனுப்பினான். மலைப்பேருந்தில் காதோடு வைத்துக் கேட்டேன்.

"அம்மா, பாண்டி கூரியர் ஆபீஸ்லேர்ந்து பேசறங்க. போர்ச்சுகல்லேர்ந்து உங்குளுக்கு ஒரு பாடி வந்துகினு இருக்கு."

"என்னாது?"

"பாடிம்மா. பேரு சிவஞானம்னு போட்டிருக்கு."

"ஐயோ. எங்க தம்பியா?... கூட யாருப்பா வர்றாங்க?"

"கூட ஒண்ணும் இல்லம்மா. பாடி மட்டும்தான். அப்பிடித்தான் எழுதியிருக்கு. வியாழக்கெழம காலைல வந்துடும். ஊட்ல ஆளு இருக்கணும், ஆதார் காட்டிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும். எறக்கும்போது பாத்து எறக்குங்க."

பிறகு அண்ணியின் குரல்: "பத்தரமா கொண்டாந்துடுங்கப்பா. தனியா வர்றான்."

என்னை அழைத்திருக்கிறார்கள், கைப்பேசி அணைந்திருந்தது. நிலாவின் எண் இல்லை. எனவே நிலாதான் அனுப்பியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அண்ணி தெருவாரிடம் சொன்னாராம்: "பொண்ணு நல்ல பொண்ணு. ஆத்தாளத்தான் காட்டல, அப்பனையாச்சும் அனுப்பி வெச்சாளே." என் மகளுக்கு அவளுடைய பெரியம்மா அளித்த முதல் நற்சான்று அது.

5

அறிவழகன் அனுப்பிய படங்களைப் பற்றி நான் எழுத வேண்டும். திருவெண்ணெய்நல்லூரில் ஒத்துக்கொண்டிருந்த ஒரு கல்யாணத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தவன், வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து, கேமரா இல்லாமல், கைப்பேசியில் எடுத்திருக்கிறான். "கை சும்மா இருக்கல சித்தப்பா. நீங்க இருந்தா என்னா எடுப்பீங்கன்னு பாத்துப் பாத்து எடுத்தன்" என்று எழுதியிருந்தான்.

தெருவை அடைத்துப் பந்தல். நடுவில் சவத்துக்கான ஐஸ் பெட்டி. மின்சாரம் கொடுத்து, மூடி திறந்து, காலியாக, உள்ளே பனிப்புகை படிந்து. தெருமுனையில் ஆம்புலன்ஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என் சகலை. சுவரில் என் முகம் அச்சடித்த பதாகை: தோற்றம் என்பதன் எதிரே என் பிறந்தநாள், மறைவு என்பதன் எதிரே, நாள் தெரியாததால், வெற்றிடம். விழுப்புரத்திலிருந்து வந்த பழைய மாணவர்கள், தலை நரைத்தவர்கள், மாணவர்களைப் போலவே ஓரமாகக் கும்பலாக. பெண்கள், பெண்கள், பெண்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. செந்தாமரையின் கணவன் என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

ஒரு படத்தில், பொம்மையார்பாளையத்திலிருந்து வந்த கன்னியம்மாள் என்ற பெண் நெகிழித்தாள் ஒட்டிய ஒரு படத்தை மார்போடு பிடித்தபடி நிற்கிறாள். அது நான் எடுத்தது. செய்திப் படக்காரனான புதிதில் அவ்வூர்க் கடற்கரையில் எடுத்தேன். இளம்பெண் ஒருத்தி மீன்கூடையை இறக்கிவிட்டு நேராக என்னைப் பார்க்கிறாள். அச்சிட்டு அவளுக்கு ஒரு பிரதி அனுப்பியது நினைவிருக்கிறது. பிறகு அவளை நான் நினைத்ததே இல்லை. குயிலாப்பாளையத்தில் வேலைபார்க்கும் அவள் மகன் யாருடைய கைப்பேசியிலோ செய்தியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். இரண்டு பேருந்து மாறி வந்தாளாம்.

பந்தலில் ஒரு பெண் அவளிடம், "நீ என்னா ஒறவும்மா?" என்று கேட்டதையும் அறிவழகன் எழுதியிருந்தான்.

"ஒறவெல்லாம் இல்ல. அன்னிக்கி எங்க மூஞ்சிய அவுரு பாத்தாரு. இன்னிக்கி அவுரு மூஞ்சிய நாங்க பாக்க வாணாமா?"

பேருந்து எத்தனையோ திருப்பங்கள் திரும்பியது. நான் அந்த வாக்கியத்தைவிட்டு நகரவில்லை. உலகமெங்கும் முகங்களைப் பார்த்துவிட்டு, பார்த்ததோடு என் கடமை முடிந்தது என்று அடுத்த விமானம் ஏறியவன் நான். அம்முகங்களுக்குச் சொந்தக்காரர்கள் தம் பங்குக்கு என் முகத்தைப் பார்க்க ஓர் உரிமை வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உப்புவெளியில் நின்றபோது இருந்ததைப் போல் என் கால்களுக்குக் கீழே ஏதோ திறந்துகொண்டது.

கடைசிப் படத்தில் கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கிறது. அதன் எதிரே இருசக்கர வண்டியில் ஒரு கூரியர்க்காரர். அங்கே நடந்ததை அறிவழகன் குரற்செய்தியாகவே சொன்னான். சொல்லச் சொல்லச் சிரிப்பும் அழுகையும் அவனுக்கு ஒன்றாக வந்தன.

"அஞ்சலாட்சி யாருங்க? பாடி வந்திருக்கு" என்றாராம் வந்தவர்.

"வண்டி எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார் சகலை.

"இதாங்க வண்டி."

"பாடி?"

"இதாங்க" என்று செருப்பு டப்பா அளவு ஒரு பெட்டியை நீட்டினாராம்.

அண்ணி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ, இவனையும் எரிச்சி சாம்பலா அனுப்பிட்டாங்களே" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருவே ஓலமிட்டது. அறிவழகன் பெட்டியைப் பிடுங்கி உறையைப் பிரித்தான்.

"யம்மா, கேமராம்மா! கேமரா பாடி! எனுக்கு அனுப்பியிருக்காரு!"

ஓலம் நின்றது. மேளக்காரர் ஒருவர், "அப்ப அடிக்கறதா, வாணாமா?" என்று கேட்டார். யாரோ சிரித்துவிட்டார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. "அவன் போன எடுக்கட்டும். நானே கொல்றன்" என்றார்.

6

போர்த்தோவில் வீடு சேர்ந்ததும் அழைத்தேன். இங்கே நண்பகல், அங்கே மாலை வெயில் இறங்கும் வேளை. பந்தல் இன்னும் இருந்தது. வெளியூர்க்காரர்கள் போயிருந்தார்கள்; தெருக்காரர்கள் போகவில்லை. அறிவழகன் பிடித்திருந்த கைப்பேசியின் முன்னால், ஓராண்டுக்குப் பின், அண்ணியின் முகம் தெரிந்தது.

"கிட்ட வா. மூஞ்சிய காட்டு."

காட்டினேன்.

"நீதானா?"

"நான்தான் அண்ணி."

"போன அணைச்சி வெச்சிக்கினு எங்க போய்த் தொலைஞ்ச? ரெண்டு நாளா ஊரே பேஜாரு. உன் சகல ஒரு வாய்க் கஞ்சி குடிக்கல."

"மன்னிச்சிடுங்க."

"அத நீயே வெச்சிக்க. உனுக்கு இம்மாம் ஜனம் வந்துதே தம்பி. அவ பொறந்த தெரு இது. அவளுக்கு யாரு வந்தாங்க? எங்க வர்றது, எதப் பாக்கறது?"

அப்போதுதான் முதன்முறையாக, விமானத்தில் அனுப்பும் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். தகடு வைத்து மூடிவிடுவார்கள், திறக்கக் கூடாது, எப்படியும் முகம் பார்த்திருக்க முடியாது, அதனால்தான் என்றேன். ஓராண்டாக நான் எனக்குள் சொல்லிவந்த, எந்தப் பிழையும் காண முடியாத வாதம் அது.

அண்ணி முழுவதும் கேட்டார்.

"மொகம் தெரியாட்டி என்னா? பொட்டிய கட்டிக்கினு அழுதிருப்பன். காலைல உனுக்கு ஒரு செருப்பு டப்பாவ கட்டிக்கினு அழுதன். எவ்ளோ படிச்ச நீ. இது தெரியலியா?"

எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடமே சொன்னேன். பிறகு, "ஒரு படம் இருக்கு அண்ணி. அன்னிக்குக் காலையில நான் எடுத்தது" என்றேன்.

"யம்மா, வாணாம்மா, ஒடம்புக்கு ஆவாது" என்றான் அறிவழகன்.

"நீ செத்த சும்மா இரு. காட்டு தம்பி."

கணினியைத் திறந்தேன். எடுத்த நாளுக்குப் பின் நானும் அதைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம். மருத்துவமனை விதிப்படி மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். நெற்றியில் எதுவும் இல்லை. கைப்பேசியின் பின்பக்கக் கேமராவை அத்திரைக்கு நேராகத் திருப்பி, அங்கே அவள் முகம் மட்டும் நிறையுமளவுக்கு நெருங்கிப் பிடித்தேன். என் கைப்பேசித் திரையில் அண்ணியின் முகம் தெரிந்துகொண்டிருந்தது.

அவர் அழவில்லை. உற்றுப் பார்த்தார்.

"எளச்சிட்டா."

"ஆமாம் அண்ணி."

"வலிச்சுதா?"

"கடைசி நாள் இல்லை. தூங்கிக்கிட்டிருந்தா."

"நெத்தியப் பாரு. கட்டினவன் உசுரோட இருக்கும்போதே மூளியா அனுப்பி வெச்சிருக்கான்." அருகில் திரும்பி மருமகளிடம், "ஏ பொண்ணு, குங்குமத்த எடுத்தா, ஜல்தி. அறிவு, ஆடாம புடி" என்றார்.

கட்டைவிரலில் குங்குமம் எடுத்து அவர் குனிந்தார். கைப்பேசித் திரையின் மேல்விளிம்பில், நடுவில், முன்பக்கக் கேமராவின் கண் இருக்கும். செந்தாமரையின் நெற்றி அந்த இடத்தில்தான் விழுந்திருக்க வேண்டும். விரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் திரை இருண்டது. விரலை எடுத்தபோது எல்லாம் சிவப்பாக இருந்தது.

"தாமர" என்று அண்ணியின் குரல் கேட்டது. அப்புறம்தான் அழுதார். சற்றுநேரம் கழித்து, தெருவைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "வாங்க, வந்து மொகத்த பாத்துட்டுப் போங்க."

நாற்காலிகள் நகரும் ஓசை. சிவப்புக்குள் ஒரு நிழல் வந்து நின்றது, ஏதோ சொன்னது, விலகியது. அடுத்த நிழல் வந்தது. ஒருத்தி, "பள்ளிக்கூடத்துல எம்பக்கத்துல உக்காருவா" என்றாள்.

"சித்தப்பா, உங்குளுக்கு ஒண்ணும் தெரியல இல்ல? தொடச்சிடட்டா?" என்று கேட்டான் அறிவழகன்.

"வேணாம்பா" என்றேன். "எல்லாரும் பாத்து முடிக்கட்டும்."